பொன்னிழை உப்பில்லாமல் பரிமாறிய பக்கம்

மே 2, வெள்ளி

ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். பொன்னிழைக் காப்பியத்தை நான் படித்ததில்லை. ஒரு வரிகூட.

வேறு யாராவது இப்படிச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் சொல்லக்கூடாது. பகலில் நூற்பாலை அலுவலகத்தில் வருகைப்பதிவு எழுதுகிற இந்தப் பால்வண்ணன், சாயங்காலமானால் பட்டிமன்றப் பேச்சாளன். கோவில்பட்டியைச் சுற்றி எந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவானாலும் நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'நகைச்சுவைத் தென்றல்' என்று போட்டிருக்கும். இருபத்திரண்டு வருடமாக, குறைந்தது முந்நூறு மேடையில், "பொன்னிழை என்ன சொன்னாள் தெரியுமா?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கியவன்.

அவள் சொன்னது இது. ராஜா செங்குன்றன் போருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போய்வருகிறான். ராணி பொன்னிழை உப்பே இல்லாமல் சமைத்துப் பரிமாறுகிறாள். ராஜா சாப்பிட்டுவிட்டு "அமுதம்" என்கிறான். ராணி சொல்கிறாள்: "பசித்து வந்தவருக்கு உப்புக் குறைவது தெரியும். உண்டு வந்தவருக்கு எல்லாம் அமுதம்தான்." பந்தலில் பெண்கள் பக்கம் இரண்டு நிமிடம் அடங்காது. ஆண்கள் பக்கம் நழுவுவதற்குச் செருப்பைத் தேடுவார்கள்.

பட்டிமன்றத்தில் இதைச் சரக்கு என்போம். ஒருவர் சரக்கை இன்னொருவர் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். உப்புக் கதை என் சரக்கு. அதற்காகவே கரிசல் தமிழ் மன்றம் ஜூன் 14ஆம் தேதி எனக்குப் 'பொன்னிழைச் செம்மல்' பட்டம் தருகிறது.

இன்று அந்த மன்றத்தின் மூத்த உறுப்பினர், பேராசிரியர் வைகுண்டமணியிடமிருந்து ஒரு கார்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து. மூன்று வருடமாக வாராவாரம் காப்பியத்தைப் பென்சிலும் கையுமாக வாசித்து வருகிறாராம். உப்பில்லாச் சோறு எங்கும் இல்லையாம். "தாங்கள் படித்த பக்கத்தின் எண்ணைத் தெரிவிக்கவும். இல்லையேல் விழா மேடையில் கேட்க நேரும். தவறாகக் கொள்ள வேண்டாம்."

தவறாகத்தான் கொள்கிறேன்.

மே 3, சனி

வீட்டில் தமிழாசிரியை இருக்கும்போது உனக்கென்ன கவலை என்று கேட்பீர்கள். அவளால்தான் கவலை.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது, காபித் தட்டோடு வந்த மங்கையர்க்கரசி தட்டைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "பொன்னிழைக் காப்பியம் படிச்சிருக்கீங்களா?" எங்கள் சொந்தத்தில் பெண்கள் அந்த நேரத்தில் தரையைத்தான் பார்ப்பார்கள். இவள் என்னைப் பார்த்தாள். வாயில் பாதி பஜ்ஜியோடு நான் சொன்னேன்: "ரெண்டு தடவை." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. நான் பேப்பரையே முழுசாகப் படிக்காதவன் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த 'ரெண்டு தடவை'யில்தான் அரசி சம்மதித்தாள் என்று பிற்பாடு அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது போய், "அரசி, அந்த உப்பு எந்தப் பக்கம்?" என்று எப்படிக் கேட்பது?

ஆகவே படிக்கப் போகிறேன். நாற்பது நாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வைராக்கியம்.

மே 4, ஞாயிறு

புத்தகம் அரசியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். கல்யாணத்துக்கு அவளுடைய கல்லூரி விரிவுரையாளர் கொடுத்த பரிசு. அந்தக் காலத்து ஒரே பதிப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாளைக்கு ஐந்து தாள், அதாவது பத்துப் பக்கம் என்று கணக்கு. பஞ்சாங்கத்தின் அட்டையைப் பிய்த்து மேலே போட்டுவிட்டேன். இனி நான் நல்ல நேரம் பார்ப்பதாகத்தான் தெரியும்.

முதல் ஐந்து தாள்: மழை, மலை, மேகம், மேகத்துக்கு யானை உவமை, யானைக்கு மேகம் உவமை. ஆள் யாரும் வரவில்லை.

மே 5, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். மிக்ஸி ஜார் கசிகிறது. ஐந்து தாள். இன்னும் மலைதான்.

மே 9, வெள்ளி

ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் பதினோரு பேர். செங்குன்றனுக்கு மூன்று பெயர்; அமைச்சருக்கு நான்கு. பொன்னிழையைப் புலவர் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எல்லோரையும் கோடு போட்டு இணைத்தேன். கடைசியில் ராஜா தன் மாமனாருக்கே மாமனார் ஆகிவிட்டான்.

பழைய புத்தகம் என்றாலும் தாள் நல்ல தாள். சில தாள்கள் பத்திரிகை அட்டை மாதிரி தடிமன். அந்தக் காலத்தில் எதையும் கெட்டியாகச் செய்தார்கள்.

மே 12, திங்கள்

இன்று காபி டம்ளர் பக்கத்தில் அரசியின் பெரிய அகராதி கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்கிறாள் போல. கோடை விடுமுறையிலும் என்ன கடமை உணர்ச்சி. அவள் அந்தப் பக்கம் போனதும் நாலு சொல்லுக்கு அர்த்தம் பார்த்துக்கொண்டேன்.

மே 15, வியாழன்

பெரும் குழப்பம். அமைச்சர் ஒரு பாட்டில் பல்லக்கில் ஏறுகிறார். அடுத்த பாட்டில் அவருடைய மனைவி தாலியைக் கழற்றுகிறாள். நடுவில் என்ன ஆயிற்று? பல்லக்கு கவிழ்ந்ததா, நெஞ்சுவலியா? ஒரு வார்த்தை இல்லை. மூன்று முறை திரும்பப் படித்தேன். பெரிய புலவர்கள் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் உணர வேண்டும் என்று அரசி ஒருமுறை டியூஷன் பிள்ளைகளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. சரியென்று உணர்ந்தேன். நெஞ்சுவலி என்று வைத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இரண்டு தாள் முன்னால் போயிருந்தது. காற்றாக இருக்கும். பீரோவுக்குள் காற்று.

மூக்குக்கண்ணாடியை யாரோ துடைத்தும் வைத்திருக்கிறார்கள்.

மே 21, புதன்

சாத்தூரில் பட்டிமன்றம். 'இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை பொறுமையா, பொய்யா?' எதிரணி ஞானதுரை. மேடையில் என்னைக் கிழித்து நார்நாராகத் தொங்கவிடுவான். போகவர ஒரே வேனில் என் தோளில்தான் தூங்குவான். அவன் மீசைக்கு அடிக்கும் மை என் சட்டைகள் பாதியில் இருக்கிறது.

வேனில் கார்டு விஷயத்தை அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, பேசாம ஏட்டுச்சுவடியில இருக்குன்னு சொல்லிருங்க. அதை எவன் படிக்கப் போறான்?" என்றான். பிறகு கொஞ்சம் தள்ளி, "ஆமா, இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும், படிக்காமலே?" என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு பேரும் பொரித்த புரோட்டா, ஆளுக்கு மூன்று. பதினோரு மணிக்கு வீடு. வயிறு நிறைய இருந்தது, ஆனாலும் அரசி காத்திருந்தாளே என்று உட்கார்ந்தேன். "ரசம் எப்படியிருக்கு?" என்று மூன்று தடவை கேட்டாள். பிரமாதம் என்றேன். மூன்று தடவையுமே.

மே 22, வியாழன்

எப்படித் தெரியும் என்று ஞானதுரை கேட்டதை எழுதி வைக்கிறேன். அரசி சொன்னது. கல்யாணமான புதிதில், சாப்பிடும்போது, சும்மா ஒரு கதையாக. "இது பொன்னிழைல வருது" என்று சொன்னாள். படித்தவன் மாதிரி நானும் தலையாட்டினேன். நாலு வருடம் கழித்து முதல் மேடையில் அதை எடுத்துவிட்டேன். கைதட்டு. பிறகு நிறுத்த முடியவில்லை.

அரசி சொன்னாள் என்று மேடையில் சொல்லியிருக்கலாம்தான். காப்பியம் என்று சொன்னால்தானே எடுபடும். முதல் இரண்டு வருடம் அவள் நிகழ்ச்சிக்கு வந்தாள். பிறகு வருவதில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை. வருடம் முழுக்க என்ன விடைத்தாளோ.

மே 27, செவ்வாய்

ஐந்து தாள். தண்ணீர் லாரி வந்ததால் பாதியில் எழுந்தேன். திரும்ப வந்து பார்த்தால் ராஜா காட்டில் இருக்கிறான். நான் போகும்போது கடற்கரையில் இருந்தான்.

மே 30, வெள்ளி

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று ஒரு பாட்டுக்கு அழுகை வந்துவிட்டது. பொன்னிழை மாடத்தில் நின்று கடைசிக் குதிரை வருகிறதா என்று பார்க்கிறாள். தூசு அடங்குகிறது. அவள் விளக்கின் திரியைக் குறைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. மொட்டை மாடியில் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். அரசி வடாம் எடுக்க வந்தவள், "என்ன, ஜலதோஷமா?" என்றாள். ராகு காலம் சரியில்லை என்று பஞ்சாங்கத்தைக் காட்டினேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வீடு எனக்கு. அரைநாள் லீவு போட்டுப் பத்துத் தாள்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்து நான்காம் காதை. செங்குன்றன் பொய்ப்போரிலிருந்து திரும்புகிறான். கால் கழுவுகிறான். பொன்னிழை தலைவாழை இலை விரிக்கிறாள். தாளைத் திருப்பினேன்.

ராஜா அழுதுகொண்டே குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான்.

சாப்பாடு எங்கே? சோறு எங்கே? இலை போட்டதோடு சரி. புலவருக்கு அன்று விரதமோ என்னவோ. தாளை இப்படியும் அப்படியும் பத்துத் தடவை திருப்பினேன். உணர்ந்தும் பார்த்தேன். உணரவும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

முடித்துவிட்டேன். முதல் மழையிலிருந்து கடைசி வாழ்த்து வரை. ஒரு பக்கம் விடவில்லை. வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம்.

உப்பு இல்லை. வைகுண்டமணி சொன்னது சரி.

ஜூன் 10, செவ்வாய்

அப்படியானால் கதை யாருடையது? பொன்னிழையில் வருவதாக அரசி சொன்னாள். வரவில்லை. ஆகவே அரசி கட்டிய கதை. அதை எதற்குக் கட்ட வேண்டும்? என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? தற்செயல்தான்.

ஜூன் 11, புதன்

தற்செயல் இல்லை.

அப்போது அம்மா மார்க்கெட் ரோட்டில், பழைய வீட்டில் இருந்தாள். ஆலை விட்டு வரும் வழி. கல்யாணமான முதல் வருடம், தினமும் சாயங்காலம் அங்கே இறங்கி, அம்மா கையால் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் இங்கே வருவேன். அரசிக்கு அப்போது சமைக்க வராது. புளியும் காரமும் ஒன்றோடொன்று பேசாது. சொன்னால் புண்படுவாள் என்று, "ஓவர்டைம்" என்பேன். பிறகு அவள் பரிமாறுவதையும் சாப்பிட்டுவிட்டு, அருமை என்பேன். எல்லோரும் செய்வதுதானே. அம்மாவுக்கும் சந்தோஷம், இவளுக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் தொப்பை.

அப்படி ஒரு நாள்தான் உப்பே இல்லாத சாம்பார். எனக்குத் தெரியவில்லை. அருமை என்றேன். அன்றைக்குத்தான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன். நல்ல கதை, இன்னொரு தடவை சொல் என்று கேட்டேன்.

இன்னொரு தடவை சொன்னாள்.

அதை எடுத்துக்கொண்டு போய் முந்நூறு மேடையில் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மிக்ஸி ஜார் ரிப்பேராகி வந்தது.

ஜூன் 13, வெள்ளி

விழாவுக்கு வருகிறாயா என்று அரசியிடம் கேட்டேன். இருபது வருடத்தில் கேட்டதில்லை. விடைத்தாள் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எந்தப் புடவை கட்டட்டும்?" என்றாள். பட்டுப்புடவையை எடுக்கப் போனாள். பட்டுக்கு அடியில் இருந்த பஞ்சாங்கத்தை நேராக்கி வைத்துவிட்டு வந்தாள்.

வைகுண்டமணி கேட்டால் என்ன சொல்வது? ஏட்டுச்சுவடி என்றால் தப்பிவிடுவேன். அரசி முதல் வரிசையில் இருப்பாள்.

ஜூன் 14, சனி

மன்றத்து மாடி. நூறு நாற்காலி, எண்பது பேர், மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றியது. வைகுண்டமணி மெலிந்த மனிதர். மடியில் மன்றத்துப் பிரதி, காதில் பென்சில். எதிரணி இல்லாத மேடையில் ஞானதுரைக்குக் கையும் காலும் ஓடவில்லை. வாழ்த்துரையில் பழக்கதோஷத்தில் என்னை இரண்டு தடவை திட்டிவிட்டான்.

பொன்னாடை போர்த்தினார்கள். இந்தப் பொன்னாடையை எனக்குத் தெரியும். போன வருடம் நான் வேறொருவருக்குப் போர்த்தியது. ஓரத்தில் குங்குமக் கறை இருக்கிறது.

ஏற்புரை. பேராசிரியர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அவர் எழுந்திருக்கும் முன் ஆரம்பித்துவிட்டேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன்; வேறு மாதிரி எனக்கு வராது. பெண் பார்த்த பஜ்ஜியைச் சொன்னேன், 'ரெண்டு தடவை'யைச் சொன்னேன். சிரித்தார்கள். அது பொய் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். நாற்பது நாளில் இப்போதுதான் முதல் தடவையாக முழுதும் படித்தேன், அதில் உப்பு இல்லை, பேராசிரியர் சொன்னதுதான் சரி என்றேன். சிரிப்பு நின்றது.

பிறகு மார்க்கெட் ரோட்டைச் சொன்னேன். அம்மா வீட்டுத் தட்டு, ஓவர்டைம், உப்பில்லாத சாம்பார். இந்த இடத்தில் கேலி வரவில்லை. "அதை எழுதுனது எந்தப் புலவரும் இல்ல. என் சம்சாரம் மங்கையர்க்கரசி. எனக்காகக் கட்டுன கதை. எனக்குப் புரியல. இருபத்தாறு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. இந்தப் பட்டம் அவளுக்கு" என்றேன்.

முதலில் எழுந்து கைதட்டியது வைகுண்டமணி. அரசியை மேலே அழைத்து, குங்குமக் கறைப் பொன்னாடையை அவள் தோளில் போட்டேன். மைக்கை நீட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், காபித் தட்டோடு வந்த அன்று பார்த்த அதே பார்வை.

"இவங்க முழுசாப் படிச்சாங்கன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

வேனில் ஞானதுரை தூங்கவில்லை. கண்ணைத் துடைத்தான், மீசை மை கன்னத்துக்கு வந்துவிட்டது. அரசியிடம், "மதினி, அண்ணாச்சிக்கு இனிமே சரக்கே இல்ல. அடுத்த கதையை எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டான். அவள் சிரித்தாள். என்னிடம் தனியாக ஒன்று மட்டும் சொன்னாள்: "போன மாசம் புரோட்டா தின்னுட்டு வந்தீங்கல்லா, அன்னைக்கு ரசத்துலயும் உப்பு கிடையாது."

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

காபி குடித்ததும் அரசி புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பஞ்சாங்க அட்டையைக் கழற்றினாள். அடுக்களையிலிருந்து காய் வெட்டும் கத்தி. இருபத்து நான்காம் காதையைப் பிரித்து, இலை விரித்த பக்கத்தின் தடித்த தாளைப் பிடித்து, அதன் ஓரத்தில் கத்தியைச் செருகி மெதுவாக இழுத்தாள். தாள் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே இரண்டு பக்கம், பளிச்சென்று புதிதாக.

அந்தக் காலத்துப் புத்தகங்களில் பெரிய தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்களாம். ஓரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் வாங்குகிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டுமாம். நான் நல்ல தாள் என்று நினைத்துத் தடவிப் பார்த்ததெல்லாம் அதுதான். பக்க எண் இரண்டிரண்டு தாண்டியதை ஒரு தடவையும் கவனிக்கவில்லை.

பக்கம் 286. பொன்னிழை சோறு வைக்கிறாள். உப்பு இல்லை. செங்குன்றன் அமுதம் என்கிறான். அவள் பதில் சொல்கிறாள். என் மேடை வார்த்தைகளைவிட நன்றாக இருக்கிறது.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"மேடையில என் பேரைச் சொன்னது நேத்துதான். அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். "அதுவும் போக, கதை புத்தகத்தோடதா இருந்தா என்ன? சாம்பார்ல உப்புப் போடாம விட்டது நான்தான்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இது அவளுடைய புத்தகம். இருபத்தாறு வருடமாக அவள் பீரோவில் இருக்கிறது. அந்தத் தாள் இன்றைக்குத்தான் கத்தியைப் பார்க்கிறது. "அப்போ நீயும் இதைப் படிக்கல?" என்று கேட்டேன்.

அரசி கத்தியைத் துணியில் துடைத்தாள். "எங்களுக்குப் பாடத்துல அந்த ஒரு காதைதான். அதுவும் நோட்ஸ்ல" என்றாள். "நீங்க ரெண்டு தடவைன்னு சொன்னதும் எனக்குப் பயமாப் போச்சு. மிச்சத்தைக் கேட்டுருவீங்களோன்னு."

மரியாதைக்கு வைகுண்டமணிக்குப் போன் செய்தேன். தடித்த தாள்களைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் இருக்கும் மன்றத்துப் பிரதியும் அதே பதிப்புதான். மூன்று வருடம், வாராவாரம், பென்சில். போனில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு, "அந்தக் கத்தியை எடு" என்றார்.

நானும் அரசியும் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டினோம். அமைச்சருக்கு நெஞ்சுவலி இல்லை, பல்லக்கில் பாம்பு. மொத்தம் இருபத்து நான்கு இடம். ஜூன் 9ஆம் தேதி, ஒரு பக்கம் விடாமல் முடித்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் புத்தகத்தில் நாற்பத்தெட்டுப் பக்கத்தை இன்று காலை வரை யாரும் திறந்ததே இல்லை.